பேய்க்குருந்தின் கொழுந்து

"ரெங்கம்மா செத்து ஆறு வருஷமாச்சு, நிஷாந்தினி."

அவளுடைய ஆய்வை மேற்பார்வை செய்யும் கலாநிதி தயாபரன் இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. அதுதான் நிஷாந்தினிக்குப் பயமாக இருந்தது. தராசில் ஒரு தூசி கிடந்தாலே கூரை அதிரக் கத்துகிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் மெதுவாகப் பேசினால் ஏதோ முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

பதுளையில், பண்டாரவளைக்குப் போகிற வீதியோரத்தில், பழைய பங்களா ஒன்றின் பின்கட்டில் இருந்தது அந்த மூலிகை ஆய்வுக்கூடம். மேசை மேல் ஒரு தடித்த தாள். அதில் காய்ந்த செடி ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. மூலையில் சீட்டு. செடி: பேய்க்குருந்து. இடம்: ஊதுமலைத் தோட்டம், மேற்பிரிவு. இதெல்லாம் நிஷாந்தினியின் அழகான எழுத்து. சேகரித்தவர் என்ற இடத்தில் மட்டும் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன: ரெங்கம்மா.

"இதை யார் எழுதினது?"

"அவங்கதான் சேர். என் கண்ணுக்கு முன்னாலதான் எழுதினாங்க."

"போன மார்ச்ல?"

"ஆமா சேர்."

"தோட்டத்து ஒப்பீசுக்கு நானே கோல் எடுத்தேன். மேற்பிரிவை மூடி ஆறு வருஷம். மலையில வெடிப்பு விழுந்திருக்குன்னு எல்லாரையும் கீழே இறக்கிட்டாங்க. அங்கே ரெங்கம்மான்னு இருந்தது ஒரே ஒருத்தி. அவ அதுக்கும் முன்னாலேயே செத்துட்டா."

நிஷாந்தினி சீட்டில் இருந்த சாய்ந்த கையெழுத்தை விரலால் தடவினாள்.

விஷயம் இதுதான். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாமே ஒரே குடும்பத்து மரங்கள். ஊவா மாகாணத்தில் அந்தக் குடும்பத்து மரங்கள் பதினெட்டை நிஷாந்தினி தேடிப் பிடித்திருந்தாள். இலையை நிழலில் காயவைத்து, பொடித்து, எரிசாராயத்தில் ஊறவைத்து, வற்றவைத்தால் கரும்பச்சைப் பிசின் ஒன்று மிஞ்சும். அது கொழும்புக்குப் போகும். அங்கே குழி குழியான தட்டுகளில் உயிருள்ள செல்களை வளர்த்து, அவற்றின் மேல் டெங்கு வைரஸை ஏவி விடுவார்கள். பிசினையும் சேர்ப்பார்கள். பிறகு ஊதாச் சாயம். செல் உயிரோடிருந்த இடமெல்லாம் ஊதா. வைரஸ் தின்ற இடமெல்லாம் வெள்ளை ஓட்டை.

பதினேழு மரங்களுக்கும் தட்டு பூச்சி அரித்த சேலை மாதிரித்தான் வந்தது. பதினெட்டாவது பேய்க்குருந்து. மார்ச் மாதத்து இலை. தட்டு முழுக்க ஒரே ஊதா. ஓர் ஓட்டை இல்லை. செல்லும் சாகவில்லை. அதைப் பார்த்துவிட்டுத் தயாபரன் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் எல்லோரிடமும் பேசினார்.

அதன் பிறகு ஹல்துமுல்லையில் பறித்த பேய்க்குருந்து இலை அனுப்பினார்கள். ஓட்டை. தெமோதரையில் பறித்தது. ஓட்டை. ஆய்வுக்கூடத்துத் தோட்டத்திலேயே நின்ற மரம். அதற்கும் ஓட்டை.

"மூணு தடவை பொய்த்தது. ஒரு தடவை பலிச்சது. பலிச்ச தடவை இலை பறிச்சது செத்துப்போன ஒரு பொம்பளை. விசாரணைக் குழு கேட்டா நான் என்ன சொல்ல?" தயாபரன் கண்ணாடியைக் கழற்றினார். "திங்கட்கிழமைக்குள்ள அதே மரத்து இலை எனக்கு வேணும். கொழும்பு முடிவு வரும்வரை குழுவைத் தள்ளிவைக்கிறேன். மறுபடியும் ஓட்டை விழுந்தா, நீங்க கணக்கைப் பொய்யா எழுதினதாத்தான் அறிக்கை போகும்."

அறிக்கை போனால் பட்டம் போச்சு. அது மட்டுமா? கொஸ்லந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்து, விஞ்ஞானம் படிக்க வந்த பிள்ளை அவள். நாளை இன்னொரு தோட்டத்துப் பிள்ளை இந்தக் கதவைத் தட்டும்போது, 'முந்தி ஒருத்தி வந்தாளே, கள்ளக் கையெழுத்துக்காரி' என்றுதான் எவரும் சொல்வார்கள்.

எழுந்திருக்கும்போதுதான் அவள் கண் அந்தத் தாளில் ஒட்டியது. காய்ந்த செடியின் நுனிகளைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... எல்லாமே ஒரே மாதிரி. இரண்டு இளம் இலை, நடுவில் ஒரு மொட்டு.

அட கடவுளே!

குறிப்பேட்டில் அவள் 'இலை' என்றுதான் எழுதியிருந்தாள். வேறு யாராக இருந்தாலும் 'இளந்துளிர்' என்று எழுதியிருப்பார்கள். பிறந்ததிலிருந்து தேயிலை பறிக்கும் அம்மாவின் கூடையில் பார்த்த இலையெல்லாம் அப்படித்தான் இருந்ததால், நிஷாந்தினிக்கு இலை என்றால் இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான். அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. மற்ற மூன்று தடவையும் இலை பறித்தது ஆய்வுக்கூடத்து ஆட்கள். கைக்கு எட்டிய முற்றல் இலையை உருவிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பலித்தது மரமல்ல. கொழுந்து!

ஆனால் கொழுந்து கிள்ளிய கை யாருடையது?

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பர்ஹானின் த்ரீவீலர் தெமோதரையைத் தாண்டி மேலே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. மார்ச்சிலும் அவளைக் கொண்டுபோய் விட்டது அவன்தான். பதுளை பஸாரில் வாப்பாவின் துணிக்கடையில் உட்காரப் பிடிக்காமல் வண்டி ஓட்டுகிறவன். வாய் ஓயாது.

"மிஸ், போன முறையும் நான் அந்த வளைவுலதான் நிப்பாட்டின. நீங்க மேல ஏறிப் பெய்த்து ஒரு மணித்தியாலத்துல ஒரு பேக்கோட வந்தீங்க. நான் ஒரு மனிசரயும் காணல்ல."

"மேல ஒரு அம்மா இருந்தாங்க பர்ஹான். நான் சொன்னேனே."

"சென்னீங்க. நானும் கீழ இரிந்து பாத்த. நீங்க தனியத்தான் கதச்சிக்கிட்டு நின்டீங்க. படிச்ச ஆக்கள் மரத்தோடயும் கதைப்பாங்கன்டு நெனச்ச."

அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை.

வழியில் தோட்டத்து ஒப்பீஸ். கிளார்க் கணபதி வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலை, கம்பளிக் கழுத்துப்பட்டி.

"வாங்கம்மா. ஒங்க சேர் கோல் பண்ணாரு. ரெங்கம்மாவத் தேடுறீங்களாமே? தேடிப் போற எடத்துலயா அது இருக்கு?"

"எப்படி இறந்தாங்க?"

"கொழுந்தெடுக்கிறப்ப குளவி கொட்டிருச்சு. மத்ததெல்லாம் கூடையப் போட்டுட்டு ஓடிருச்சுங்க. இது மட்டும் நின்னுச்சு. கூடைய விட்டா கிலோ கொறஞ்சிருமாம்! அவ்வளவு வேலப்பித்து." கணபதி பேப்பரை மடித்தார். "கூத்து அதுக்கப்பறந்தாம்மா. மேற்பிரிவ மூடுற அன்னைக்கு அழகர் கங்காணி கடைசிப் பெரட்டு எடுத்தாரு. பெரட்டுன்னா தெரியுமில்ல?"

"நானும் தோட்டந்தாங்க. காலையில ஆளக் கூட்டி, பேரு கூப்பிட்டு, வேல பிரிச்சுக் குடுக்கிறது."

"ஆங்! அப்படிச் சொல்லு தாயி. அந்த மனுசன் பழக்கத்துல ரெங்கம்மா பேரையும் வாசிச்சுப்புட்டாரு. அது செத்து அப்ப நாப்பது நாளு."

"எல்லாரும் சிரிச்சிருப்பாங்க."

"சிரிக்கலாம்னுதான் வாயத் தொறந்தோம். அதுக்குள்ள பதில் வந்துருச்சு. 'வந்திருக்கேன்'னு." கணபதி வெற்றிலையை ஓரத்துக்கு ஒதுக்கினார். "கங்காணி புஸ்தகத்த மூடிட்டு எறங்குனவருதான். வேல பிரிச்சுக் குடுக்கல. பேரக் கூப்புட்டுட்டு வேல குடுக்காம விட்டா, வந்த ஆளு என்ன செய்யும்? அங்கயே நின்னுக்கிட்டுத்தான இருக்கும்?"



மார்ச் மாதம். அந்த மரத்தடி. இடுப்பில் கொழுந்தெடுப்பவர்கள் கட்டும் படங்குச் சாக்கு, நெற்றியில் கூடைக் கயிறு. அந்தப் பெண் கேட்ட முதல் வார்த்தை இன்னும் காதில் இருந்தது.

'வேல இருக்கா பிள்ள?'

இருக்கு என்று அவள்தான் சொன்னாள். இந்த மரத்தில் இரண்டு கிலோ இலை வேணும் என்றாள். தானும் கூடப் பறிக்கலாம் என்று கையை நீட்டியபோது அந்தப் பெண் பட்டென்று தட்டிவிட்டாள். ஈரத்துணி பட்டது மாதிரி இருந்தது அந்தக் கை.

'ஒங்கையால கிள்ளாத. கிள்ளுற கைக்குப் பெரட்டுல பேரு பதியணும். எம்பேருதான் பதிஞ்சிருக்கே, நான் கிள்ளுறேன்.'

*

வளைவில் பர்ஹான் வண்டியை நிறுத்தினான். "கெதியா வாங்க மிஸ். பனி எறங்குது. நான் இங்கினயே இரிக்கேன். ஹோர்ன் அடிச்சா ஓடி வாங்க."

பிற்பகல் மூன்று மணி ஆக ஐந்து நிமிஷம்.

படி ஏறினாள். ஓட்டமாகத்தான் ஏறினாள். கூரைத் தகரம் கழற்றிக் கொண்டுபோன லயங்கள் வரிசையாக வாய் பிளந்து நின்றன. காம்பிராக்களுக்குள் கொய்யாவும் மானாப்புல்லும் முளைத்திருந்தன. தேயிலை கவனிப்பாரில்லாமல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மரமாகியிருந்தது. அதற்கு நடுவே வெறுமையாக ஒரு சதுர வெளி. பெரட்டுக் களம். அதன் ஓரத்தில் பேய்க்குருந்து.

நிஷாந்தினி நின்றுவிட்டாள்.

ஆகஸ்ட் மாதம். மழை கண்டு இரண்டு மாதம். வழியெல்லாம் செடி கொடி காய்ந்து கிடந்தது. இந்தப் பருவத்தில் காட்டு மரம் எதுவும் துளிர்க்காது. அவள் படித்த படிப்பு அது. கொழுந்து கிடைக்காது என்ற பயத்தோடுதான் வந்தாள். ஆனால் அந்த மரம் இடுப்பு உயரத்துக்குச் சீராக வெட்டப்பட்டிருந்தது. தேயிலைக்குக் கவாத்து வெட்டுகிற மாதிரியே, மேசை போல மட்டமாக. அந்த மட்டத்தின் மேல் விரல் நீளத்துக்கு இளம்பச்சைக் கொழுந்து பொங்கிக்கொண்டிருந்தது. எலுமிச்சம் தோலை நகத்தால் கீறிய வாசம் களம் முழுக்க.

ஓரமாக ஒரு கிளையைத் தொட்டாள். சாய்வான வெட்டு. ஈரம் இன்னும் காயவில்லை.

"யாரு? யாராவது இருக்கீங்களா?"

பனிதான் பதில் சொன்னது. லயத்தின் கடைசிக் காம்பிராவிலிருந்து புறப்பட்டு, நிதானமாகக் களத்துக்குள் வந்தது.

"ரெங்கம்மா அக்கா?"

நேரம் போய்க்கொண்டிருந்தது. கிள்ளித் தர ஆள் இல்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு இரவு. வெறுங்கையோடு இறங்கினால் அவள் கள்ளி. 'ஒங்கையால கிள்ளாத' என்ற வார்த்தை மனதில் ஓடியது. ஓடிவிட்டுப் போகட்டும் என்று பையைத் தோளில் மாட்டினாள். கையை நீட்டி முதல் கொழுந்தைக் கிள்ளினாள்.

டக்.

தூரத்தில் தப்பு மேளம் அடிக்கும் சத்தம் கேட்டது.

கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி. பெரட்டுக்கு ஆள் கூட்டும் தப்பு விடியற்காலையில் போடுவது. இந்த நேரத்தில் எந்தத் தோட்டத்திலும் போட மாட்டார்கள். கீழ்த் தோட்டத்தில் கோயில் திருவிழா ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கை நிற்கவில்லை. டக், டக். சிறு வயதில் பழகிய கை.

தப்பு நின்றது. பனிக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல். கரகரத்த, அவசரமில்லாத கங்காணிக் குரல்.

"முனியாண்டி!"

"வந்திருக்கேன்."

"செவனம்மா!"

"வந்திருக்கேங்க."

பதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து வந்தது. நிஷாந்தினிக்கு ஓட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பையின் அடிப்பாகம்கூட நிறையவில்லை. கூடையை விட்டுவிட்டு ஓட மனமில்லாத இன்னொருத்தியின் நினைவு வந்தும் கை கிள்ளிக்கொண்டேயிருந்தது.

"ரெங்கம்மா!"

"வந்திருக்கேன்." இது மரத்துக்கு அந்தப் பக்கம். கையெட்டும் தூரம்.

பக்கம் புரளும் சத்தம். பிறகு அந்தக் குரல், புதிதாக ஏதோ வாசிப்பது போல, எழுத்துக் கூட்டிக் கூப்பிட்டது.

"நி... ஷாந்தினி!"

வேறு எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பாள். தோட்டத்தில் பிறந்தவளுக்கு அது முடியாது. பெரட்டில் பேர் கூப்பிட்டு உடனே பதில் சொல்லாவிட்டால் அன்றைய நாள் போச்சு. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு களத்தில் நின்ற எத்தனை விடியலில் அதைக் கேட்டிருக்கிறாள்! புத்தி 'வேண்டாம்' என்று சொல்லி முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"வந்திருக்கேன்!"

சட்டென்று எல்லாம் அடங்கியது.

அப்புறம் ஆரம்பித்தது அந்தச் சத்தம். டக். டக்டக். டக்டக்டக். மரத்தைச் சுற்றிலும், பத்துக் கை, இருபது கை கிள்ளுகிற சத்தம். அவள் கண்ணெதிரே கொழுந்துகள் ஒவ்வொன்றாக மறைந்தன. தோளில் பை கனத்தது. இழுத்தது. எலுமிச்சை வாசத்தோடு, ஈரத்துணி வாசம்.

கீழே ஹோர்ன் அலறியது.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. பர்ஹான் பையை வாங்கி சீட்டில் வைத்தான். வைத்தவன் திரும்பிப் பார்த்தான்.

"பத்து நிமிஷந்தானே மிஸ்? இவ்வளவத்தையும் தனியவா புடுங்கின?"

"போ பர்ஹான். வண்டிய எடு."

*

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் எடை போட்டபோது தராசு சரியாக இரண்டு கிலோ காட்டியது.

புதுத் தாள். புதுச் சீட்டு. இந்தத் தடவை குறிப்பேட்டில் 'கொழுந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும், கவாத்து வெட்டிய மரம்' என்று தெளிவாக எழுதினாள். சேகரித்தவர் என்ற இடத்தில் பேனா நின்றது. ரெங்கம்மா என்று உண்மையை எழுதினால் அவள் பொய்க்காரி. தயாபரன் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று கிழமைகள். அந்த மூன்று வாரமும் அவள் கொழும்புச் செய்திக்காகக் காத்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை கொழும்பிலிருந்து படம் வந்தது. தட்டு முழுக்க ஊதா. ஓர் ஓட்டை இல்லை.

தயாபரன் கத்தினார். மகிழ்ச்சியில்தான். "கொழுந்து! முற்றல் இலையில இல்லாத ஏதோ ஒண்ணு கொழுந்துல இருக்கு! மன்னிச்சிருங்க நிஷாந்தினி. விசாரணைக் குழுவுக்கு இப்பவே எழுதுறேன், முறைப்பாடு எதுவும் இல்லைன்னு." பிறகு விரலை நீட்டினார். "ஆனா வெளியே ஒருத்தரும் மருந்துன்னு பேசக் கூடாது. தட்டுல நடந்தது உடம்புல நடக்கணும்னு இல்லை. அதுக்கு அந்த ஒண்ணைப் பிரிச்செடுக்கணும். நிறையக் கொழுந்து வேணும். கிழமைக்கு ரெண்டு கிலோ. முடியுமா?"

"முடியும் சேர்" என்றாள், சந்தோஷத்தில், யோசிக்காமல்.

சொன்ன பிறகுதான் நினைத்துப் பார்த்தாள். மறுபடி அங்கே போவதா? மாட்டேன். வேறு இடத்தில் மரம் பார்த்து, கவாத்து வெட்டி, துளிர்க்க வைக்கலாம். நான்கு மாதம் போகும். போகட்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறையிலேயே கிடந்தாள். துணி துவைத்தாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்கினாள்.

திங்கள் காலை ஆய்வுக்கூடத்து வாசலில் பர்ஹான் மறித்தான்.

"என்ன மிஸ், கோவமா?"

"எதுக்கு?"

"நேத்து தெமோதர வளைவுல ஹோர்ன் அடிச்சி அடிச்சிப் பாத்த. திரும்பியே பாக்காம பெய்த்தீங்களே. முதுகுல கூடையும் அதுவுமா." அவன் சிரித்தான். "நம்மட வண்டிய விட்டுட்டு நடந்தே எறங்கினா நான் எப்பிடிப் பொழைக்கிற?"

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள்.

தயாபரனின் மேசை மேல் சாக்குப் பை. பனி இன்னும் அதில் முத்து முத்தாக நின்றது. எலுமிச்சைத் தோல் வாசம்.

"விடியவே கொண்டுவந்து வாசல்ல வச்சிட்டீங்களே! இப்படியொரு ஆளைச் சந்தேகப்பட்டேனே" என்றார் அவர்.

பையில் சீட்டு கட்டியிருந்தது. பேய்க்குருந்து. ஊதுமலைத் தோட்டம், மேற்பிரிவு. அவளுடைய அழகான எழுத்து. அடியில் அவளுடைய கையெழுத்து, கடைசிச் சுழி வரைக்கும்.

இது என் கையெழுத்து இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால்? இந்த அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்துதானே ஒரு கையெழுத்துக்காக உயிர் போகத் துடித்தாள்? இப்போது தன் கையெழுத்தையே தன்னுடையது இல்லை என்றால், இனி எந்தக் கையெழுத்தை எவர் நம்புவார்?

வாயை மூடிக்கொண்டாள். வலது கையை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும், அம்மாவின் கையில் இருந்ததைப் போலவே, கறுப்பாகக் கொழுந்துக் கறை. நேற்றுத்தான் சோப்புப் போட்டுத் துணி துவைத்த கை அது.

"அடுத்த கிழமையும் வருமா?" தயாபரன் ஆவலோடு கேட்டார்.

நிஷாந்தினி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வரும் சேர்" என்றாள். "வேலதான் குடுத்தாச்சே."